ரத்தத்துக்குத் தேதி தெரியாது

இந்த இதழுக்கு ஒரே பொருள்: ஹெர்பிஸ். வந்த கடிதங்களில் பாதி, டாக்டரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கின்றன. மீதிப் பாதியை எழுதியவர்கள், வீட்டில் பேச வேண்டியதை லேப் ரிப்போர்ட்டிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஈரோடு: கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இருவருமே வேறு யாரிடமும் போனதில்லை. போன மாசம் மனைவிக்கு அந்தரங்க இடத்தில் கொப்புளம். ஸ்கின் டாக்டர் ‘ஹெர்பிஸ்’ என்கிறார். யார் யாருக்குக் கொடுத்தது?

தெரியாது. எனக்கு மட்டுமில்லை, எந்த டாக்டருக்கும் தெரியாது.

வைரஸ் உள்ளே நுழைந்ததும் முதுகுத்தண்டின் அடிப்பக்கத்து நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்ளும். சிலருக்கு நாலைந்து நாளில் கொப்புளம் வரும். சிலருக்குப் பத்து வருஷம் கழித்து வரும். பெரும்பாலானவர்களுக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது, அல்லது ஏதோ சொறி என்று நினைத்து மறந்துவிடுவார்கள். உங்களில் ஒருவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியிருக்கலாம். ஒருவருடைய உதட்டுக் கொப்புளத்திலிருந்து மற்றவருக்கு வந்திருக்கலாம். நீங்கள் பார்த்தது முதல் கொப்புளம். வைரஸுக்கு அது முதல் நாள் என்று யார் சொன்னது?

திருவண்ணாமலை: ஆடிட்டர் ஆபீஸில் வேலை. இத்தனை வருஷம் சும்மா இருந்தது, போன மார்ச்சில் ஏன் கிளம்பியது?

கேள்வியிலேயே பதிலை வைத்துவிட்டீர்கள். தூக்கம் கெட்ட மாசம், மன உளைச்சல், காய்ச்சல், மாதவிலக்கு, அறுவை சிகிச்சை, ஸ்டீராய்டு மாத்திரை: உடம்பின் காவல் தளர்ந்தால் அது எழுந்திருக்கும். காரணமே இல்லாமலும் எழுந்திருக்கும்.

நாமக்கல்: ‘ஐ.ஜி.எம். பாசிட்டிவ், அப்படியானால் இது புதுத் தொற்று’ என்று லேபில் சொன்னார்கள். என் கணவர் போன மாசம்தான் வடநாட்டு டூர் போய் வந்தார்…

அந்த மூன்று புள்ளிகளை முதலில் அழியுங்கள்.

ஹெர்பிஸில் ஐ.ஜி.எம். நம்பத் தகாத சாட்சி. பழைய தொற்று மறுபடி கிளம்பும்போதும் தலைகாட்டும். வேறு வைரஸைப் பார்த்து ஏமாந்தும் கை தூக்கும். ஒன்றாம் வகையா இரண்டாம் வகையா என்பதும் அதற்குப் பிடிபடாது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., ஹெர்பிஸுக்கு இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்று எழுதிவைத்திருக்கிறது. டூர் போனவரை விசாரிக்கும் முன், இதை எதற்கு விற்கிறீர்கள் என்று லேபை விசாரியுங்கள்.

தாம்பரம்: அப்படியென்றால் ஐ.ஜி.ஜி.?

வைரஸைச் சந்தித்ததை ரத்தம் வைத்திருக்கும் ஞாபகம். உருவாகச் சில வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாசத்துக்கு மேலும் இழுக்கும். வந்தால் பொதுவாக ஆயுசுக்கும் இருக்கும்.

பெரம்பலூர்: எப்போது தொற்றியது என்று காட்டும் டெஸ்ட் எந்த லேபில் கிடைக்கும்? எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை.

எந்த லேபிலும் கிடையாது. குளத்தில் மீன் இருக்கிறது என்று ரத்தம் சொல்லும், குஞ்சு விட்டவர் யார், எந்த வருஷம் என்று சொல்லாது. அந்தப் பணத்தில் இரண்டு பேரும் எங்காவது நாலு நாள் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

கோவில்பட்டி: என் ஐ.ஜி.ஜி. எண் 8.6, மனைவிக்கு 4.2. எனக்குத்தான் முதலில் வந்தது என்று மைத்துனர் கணக்குப் போட்டுச் சொல்கிறார்.

மைத்துனருக்குக் கணக்குத் தெரிகிறது, ரத்தம் தெரியவில்லை. எண் பெரிசாக இருந்தால் ‘பாசிட்டிவ்’ என்பது உறுதிப்படும். அந்த எண்ணுக்கு வயசு கிடையாது.

காரைக்குடி: எனக்கு 1.4 என்று வந்து, பக்கத்தில் சிவப்பில் ‘பாசிட்டிவ்’ என்று போட்டிருக்கிறார்கள். ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் சாப்பிடுங்கள்.

பரவலாக உள்ள எலைசா வகைப் பரிசோதனையில் 1.1க்கு மேல் போனால் பாசிட்டிவ் என்று இயந்திரம் அச்சடித்துவிடும். இரண்டாம் வகை ஹெர்பிஸுக்கு 1.1இலிருந்து 2.9 வரை உள்ள பகுதி சதுப்பு நிலம். மறுபரிசோதனை செய்து பார்த்ததில் இந்தப் பகுதியில் வந்த பாசிட்டிவ்களில் பாதிகூடத் தேறவில்லை. அதனால்தான் சி.டி.சி.யின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி, 3க்குக் கீழே வந்தால் வேறு முறையில் இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்தாமல் முடிவு சொல்லக் கூடாது என்கிறது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் செய்யும் ‘வெஸ்டர்ன் பிளாட்’ என்ற பரிசோதனையைத்தான் இதில் உரைகல்லாக வைத்திருக்கிறார்கள்.

சியாட்டிலுக்கு டிக்கெட் போட வேண்டாம். மூன்று மாசம் கழித்து, வேறு கிட் வைத்திருக்கும் லேபில் திரும்ப எடுங்கள். ரிப்போர்ட்டைத் தோல் நோய் டாக்டரிடம் கொண்டுபோங்கள். அதுவரை சிவப்பு மைக்கு அவ்வளவு மரியாதை வேண்டாம்.

சிவகாசி: மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் இதையும் சேர்க்கச் சொல்லலாமா, ஐயா?

மேலே உள்ள காரைக்குடிக்காரர் அப்படித்தான் மாட்டினார். அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2016இல் சொன்னது. 2023இல் மறுபடி ஆராய்ந்து அதையே சொன்னது. கொழுப்பையும் சர்க்கரையையும் பாருங்கள். அவை ஆளைக் கொல்லும்.

கும்பகோணம்: இரண்டாவது முறையும் கரு கலைந்துவிட்டது. ‘டார்ச்’ டெஸ்ட் எடுத்ததில் ஹெர்பிஸ் பாசிட்டிவ். நாத்தனார் எல்லார் முன்னாலும் ‘எங்கே போய் வாங்கினாளோ’ என்று கேட்டுவிட்டார்.

அம்மா, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். இப்போது நாத்தனார் விஷயம்: அவரையும் அதே டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். பாசிட்டிவ் வரும் வாய்ப்பு ஏராளம்.

டார்ச் என்பது டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிய பரிசோதனை. பிறந்த குழந்தைகளைத் தாக்கும் தொற்றுகளுக்காக 1971இல் ஆந்த்ரே நஹ்மியாஸும் சகாக்களும் அந்தப் பெயரை வைத்தார்கள். நம் ஊரில் அது கரு கலைந்த பெண்களின் தலையில் விடிந்துவிட்டது. ஹெர்பிஸ் ஒன்று, இரண்டு என்று பிரிக்காமல் சேர்த்துப் பார்க்கும் லேப்களும் உண்டு. ஒன்றாம் வகை, சின்ன வயசில் பாட்டியோ அத்தையோ கொஞ்சிய முத்தத்தில் வருவது. உலகில் ஐம்பது வயசுக்குக் கீழே உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேரிடம் இருக்கிறது.

திரும்பத் திரும்பக் கரு கலைவதற்குக் காரணம் தேட டார்ச் உதவாது என்று இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2011லேயே எழுதியது. தைராய்டு, கருப்பையின் அமைப்பு, ரத்தம் உறைவதில் கோளாறு, குரோமோசோம்: தேட வேண்டிய இடங்கள் இவை. அங்கே தேடச் சொல்லுங்கள். கரு கலைந்து படுத்திருக்கும் பெண்ணிடம் அப்படிக் கேட்கும் வாய்க்குத்தான் வைத்தியம் வேண்டும்.

சிங்கப்பூர்: மனைவிக்குக் கொப்புளத்தில் எடுத்த பி.சி.ஆரில் இரண்டாம் வகை. அதே நாள் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. நெகட்டிவ். இப்போதாவது ‘புதுசு’ என்று சொல்லலாமா? கையும் களவுமாகப் பிடித்தாயிற்றா?

முதல் கேள்விக்கு, ஆமாம். இந்த விவகாரத்தில் மருத்துவத்திடம் இருக்கும் ஒரே கூர்மையான கருவி இதுதான். கொப்புளத்தில் வைரஸ் இருக்கிறது, ரத்தம் இன்னும் அதை அறியவில்லை என்றால், உள்ளே வந்து சில வாரங்களே ஆகியிருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு, இல்லவே இல்லை. புதிதாக வந்தது அவருக்கு. கொடுத்தவருக்கு எப்போது வந்தது? நீங்களே இருபது வருஷமாக அறியாமல் சுமந்துகொண்டிருந்திருக்கலாம். இந்த வைரஸ் கொப்புளமே இல்லாத நாட்களிலும் தோலிலிருந்து கசியும். உலகில் நடக்கும் பெரும்பாலான பரவல் அப்படித்தான் நடக்கிறது. அப்படி ஒரு நாளில் உங்களிடமிருந்து அவருக்குப் போயிருக்கலாம். குற்றவாளியைத் தேடி விளக்கு அடித்தீர்கள், வெளிச்சம் உங்கள் மேலும் விழுகிறது.

நீங்களும் ஐ.ஜி.ஜி. எடுங்கள். பாசிட்டிவ் என்றால் உங்களிடமும் இருக்கிறது. அதற்கு மூன்று மாச வயசா முப்பது வருஷ வயசா என்பது தெரியாது. நெகட்டிவ் என்றால் பன்னிரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை எடுங்கள்.

திண்டுக்கல்: எனக்கு நேர் எதிர். முதல் தடவைக் கொப்புளம், பி.சி.ஆரில் இரண்டாம் வகை, அன்றைக்கே ஐ.ஜி.ஜி.யும் அதே இரண்டாம் வகைக்கு 6க்கு மேல்.

அப்படியானால் இது போன வாரம் வந்ததாக இருக்க வாய்ப்பில்லை. மாசங்களோ வருஷங்களோ உள்ளே இருந்தது இப்போது முகம் காட்டியிருக்கிறது. கொப்புளம் வந்த அன்றே ரத்தமும் எடுக்கச் சொன்ன உங்கள் டாக்டருக்கு ஒரு கும்பிடு. பல வீட்டுச் சண்டைகள் அந்த ஒரு ஊசியில் ஓயும்.

புதுச்சேரி: பதினான்கு வருஷமாக ஒன்றாக இருக்கிறோம். அவருக்குப் பாசிட்டிவ், எனக்கு நெகட்டிவ். இது சாத்தியமா?

தாராளமாக. 2004இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஒருவருக்கு இரண்டாம் வகை இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதியர் 1484 ஜோடியை எட்டு மாசம் கவனித்தார்கள். மருந்து எடுக்காத பக்கத்தில் 741 ஜோடியில் 27 பேருக்குத்தான் தொற்றியது. தினம் வாலாசைக்ளோவிர் எடுத்துக்கொண்ட பக்கத்தில் 743இல் 14. ஆணுறை, கொப்புள நாட்களில் விலகி இருத்தல் எல்லாம் சொல்லிக் கொடுத்தபின் வந்த கணக்கு இது. நீங்கள் அதிசயம் இல்லை. பெரும்பான்மை.

அரக்கோணம்: ஆணுறை போட்டும் எப்படி வந்தது?

அது மூடாத தோலும் உண்டல்லவா? ஆபத்தைக் குறைக்கும், பூஜ்யமாக்காது. அதற்காகக் கழற்றி எறிய வேண்டாம். மற்ற நோய்கள் வரிசையில் நிற்கின்றன.

மன்னார்குடி: அக்கியும் இதுவும் ஒன்றா? எங்கள் ஊர்க் குயவர் வீட்டில் காவியால் அக்கி எழுதினால் இறங்கிவிடும் என்கிறார்கள்.

ஒரே குடும்பம், ஆள் வேறு. அக்கி என்பது சின்ன வயசில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்புக்குள் பதுங்கி, ஐம்பது அறுபது வயசில் மறுபடி கிளம்புவது. இடுப்பிலோ நெஞ்சிலோ ஒரு பக்கமாக மட்டும் பட்டையாக ஓடும். எழுதினாலும் எழுதாவிட்டாலும் மூன்று நாலு வாரத்தில் அடங்கும். ஆனால் முதல் மூன்று நாளுக்குள் மாத்திரை ஆரம்பித்தால் வேகம் குறையும். கண் பக்கம் வந்தால் காவியைத் தேடி ஓடாமல் கண் டாக்டரிடம் ஓடுங்கள்.

ஒன்று கவனித்தீர்களா? அறுபது வயசுத் தாத்தாவுக்கு அக்கி வந்தால் ‘போன மாசம் எங்கே போனீர்கள்’ என்று பாட்டி கேட்பதில்லை. ஆறு வயசில் வந்த அம்மை அது என்று ஒத்துக்கொள்கிறோம். தங்கை வைரஸ் அதே வேலையைச் செய்தால் மட்டும் வக்கீலைக் கூப்பிடுகிறோம்.

தேனி: எனக்கு அடிக்கடி உதட்டு ஓரத்தில் கொப்புளம் வரும். எட்டுக்கால் பூச்சி எச்சம் என்று அம்மா வேப்பிலை அரைத்துப் போடுவார். இதற்கும் மனைவிக்குக் கீழே வந்ததற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. பூச்சியை விடுதலை செய்யுங்கள். உதட்டில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வருவது பெரும்பாலும் ஹெர்பிஸ் ஒன்றாம் வகை. வாய்வழி உறவில் அது கீழே போகும். மனைவியின் கொப்புளத்தில் பி.சி.ஆர். எடுத்து ஒன்றாம் வகை என்று வந்தால், மூன்றாம் மனிதரைத் தேட வேண்டியதில்லை. கண்ணாடியைப் பாருங்கள். ஆறுதலும் உண்டு: கீழே வரும் ஒன்றாம் வகை, இரண்டாம் வகை அளவுக்கு அடிக்கடி திரும்பாது.

அதே தேனிக்காரர்: வீட்டில் பச்சைக்குழந்தை இருக்கிறது.

உதட்டில் கொப்புளம் இருக்கும்போது முத்தமே கூடாது, கையைக் கழுவாமல் தொடவும் கூடாது. பெரியவருக்கு அது வெறும் எரிச்சல். பிறந்து சில வாரமே ஆன சிசுவுக்கு உயிராபத்து. இதில் தாத்தா, பெரியப்பா, ஊர்ப் பெரிய மனுஷர் யாருக்கும் விலக்கு இல்லை. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வேலூர்: ஏழு மாசக் கர்ப்பம். எனக்கு மூன்று வருஷமாக ஹெர்பிஸ் உண்டு. சிசேரியன்தானா?

பிரசவ வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன். இல்லையென்றால் சுகப்பிரசவமே. முப்பத்தாறாவது வாரத்திலிருந்து மாத்திரை கொடுத்து அடக்கிவைப்பது வழக்கம். பழைய தொற்று உள்ள தாயின் ஆன்டிபாடி குழந்தைக்கும் போய்க் காவல் காக்கும். குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. கடைசி மாசங்களில் முதல்முறையாகத் தொற்றினால்தான் பெரிய ஆபத்து. மகப்பேறு டாக்டரிடம் மறைக்காதீர்கள், அவ்வளவுதான்.

திருத்தணி: புண் வந்தது, அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் ஆறிவிட்டது. இப்போது என்ன டெஸ்ட்?

இப்போது ஒன்றுமில்லை. அடுத்தது வந்தால் இரண்டு நாளுக்குள் ஓடுங்கள். கொப்புளம் ஈரமாக இருக்கும்போது பஞ்சில் தொட்டு எடுக்கும் பி.சி.ஆருக்கு நிகரில்லை. மஞ்சள், சுண்ணாம்பு, கடைக்காரர் கொடுத்த களிம்பு எதுவும் பூசாமல் போங்கள்.

புண் என்றாலே ஹெர்பிஸ் என்று முடிவுகட்டவும் வேண்டாம். வலிக்காத ஒற்றைப் புண் என்றால் சிபிலிஸாக இருக்கலாம். அது பென்சிலினில் முற்றாகக் குணமாகும், விட்டால் மூளைவரை போகும். அந்த ரத்தப் பரிசோதனையையும் எச்.ஐ.வி. பரிசோதனையையும் கூடவே எடுங்கள். இரண்டாம் வகை ஹெர்பிஸ் இருந்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஊட்டி: டாய்லெட் சீட்டில் வந்திருக்கலாமா?

வராது. உடம்புக்கு வெளியே அது வெகு சீக்கிரம் செத்துவிடும். ஓட்டல் ரூமின் பேரில் பழி போட வேண்டாம்.

ராஜபாளையம்: அப்பாவுக்கு 64 வயசு, ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ நடக்கிறது. இப்போது ஹெர்பிஸ் என்கிறார்கள். அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து அம்மாவிடம் கொடுங்கள்.

அம்மா, கீமோவில் உடம்பின் காவல் படுத்துவிடும்போது உள்ளே உறங்கிய வைரஸ்கள் எழுவது அந்த வார்டுகளில் தெரிந்த சங்கதி. அதற்காகவே ரத்தப் புற்றுநோயாளிகள் பலருக்கு அசைக்ளோவிரை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு வந்திருப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தையதாக இருக்கலாம். இருபது வயசு வாலிபனிடம் கேட்க வேண்டியதை, கஞ்சி குடிக்கத் தெம்பில்லாத மனுஷனிடம் கேட்காதீர்கள். பேசுங்கள். அவருக்கு மருந்தைவிட உங்கள் குரல் வேண்டியிருக்கும்.

பழநி: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், தப்பு செய்தவர்கள் எல்லாரும் ‘அது பழைய வைரஸ்’ என்று சொல்லித் தப்பிவிடுவார்களே?

சிலர் தப்புவார்கள். அதற்காகத் தப்பே செய்யாதவர்களைத் தூக்கில் போட முடியுமா? இந்த ரிப்போர்ட் துரோகத்தையும் நிரூபிக்காது, விசுவாசத்தையும் நிரூபிக்காது. சந்தேகத்துக்கு வேறு காரணங்கள் இருந்தால் அவற்றை முகத்துக்கு நேரே கேளுங்கள். வைரஸை வாய்தாவுக்கு அழைக்காதீர்கள்.

கரூர்: நான் தப்பு செய்தவன். நாலு வருஷத்துக்கு முன் ஒருமுறை. இப்போது மனைவிக்கு வந்திருக்கிறது. ‘என்னால்தான் உங்களுக்கும் வருமோ’ என்று அவள் அழுகிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.

திறங்கள். இன்றைக்கே.

அந்த ஒருமுறைதான் காரணம் என்று மருத்துவம் உறுதியாகச் சொல்லாது. ஆனால் செய்யாத குற்றத்துக்கு ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நாலு வருஷத்துக்கு முந்தைய தப்பைவிட இது பெரிசு. சொன்னபின் என்ன ஆகும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. முடிவு அவருடையது.

கடலூர்: இதை வைத்து விவாகரத்து வாங்க முடியுமா?

இந்து திருமணச் சட்டம் 13ஆம் பிரிவில், தொற்றும் நிலையில் உள்ள பால்வினை நோய் ஒரு காரணமாக இருக்கிறது. பிறர் உறவும் அதே பிரிவில் இருக்கிறது. பிறர் உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை மட்டும் உச்ச நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. ஆக, சட்டத்தில் கதவு உண்டு.

ஆனால் தேதியும் ஆளும் சொல்லாத ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டப் போகிறீர்கள். அதற்கு முன் நீங்களும் டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் வந்தால் மனுவை யார் யார் மேல் போடுவது?

நாகர்கோவில்: எனக்கு உண்டு. ஜாதகம் பொருந்தி நிச்சயதார்த்தம் வரை வந்துவிட்டது. சொல்லத்தான் வேண்டுமா?

வேண்டும். பத்துப் பொருத்தமும் பார்த்துவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் என்ன பொருத்தம்? ‘எனக்கு இந்த வைரஸ் இருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை, மாத்திரை இருக்கிறது, உங்களுக்குத் தொற்றாமல் இருக்க இதெல்லாம் செய்யலாம்’: நாலே வரி. பெண்ணிடம் நேராகச் சொல்லுங்கள், தரகர் வழியாக வேண்டாம். உலகில் 15 முதல் 49 வயசுக்குள் இரண்டாம் வகை உள்ளவர்கள் 50 கோடிக்கு மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் கோடிக்கணக்கானவர்கள் கல்யாணம் செய்து பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள்.

விழுப்புரம்: இவ்வளவு சாதாரணம் என்றால் ஏன் இவ்வளவு அவமானம்?

அவமானத்துக்கு வயசு குறைவு. 1982 ஆகஸ்டில் அமெரிக்காவின் ‘டைம்’ இதழ் ஹெர்பிஸை அட்டைப்படமாக்கி, நெற்றியில் குத்தும் முத்திரை என்கிற பாணியில் தலைப்புப் போட்டது. வைரஸுக்கோ வயசு அதிகம். இரண்டாம் வகை, சிம்பன்ஸிகளின் மூதாதையரிடமிருந்து நம் மூதாதையருக்குத் தாவி ஏறத்தாழ 16 லட்சம் வருஷம் ஆகிறது என்று மரபணுவை வைத்துக் கணித்திருக்கிறார்கள். மனுஷன் முழு மனுஷன் ஆகும் முன்பே இது வந்துவிட்டது. அதைவிட மூத்த ஒழுக்கசீலர் யாராவது இருந்தால் முன்னால் வந்து கல்லெறியட்டும்.

சேலம்: லாட்ஜுக்கு மாசம் ஒருமுறை வரும் வைத்தியர், நாற்பத்தெட்டு நாளில் வேரோடு அறுக்கிறேன் என்கிறார். முப்பதாயிரம் கேட்கிறார்.

வேர் நரம்பு முடிச்சுக்குள் இருக்கிறது. அங்கே போய் அதை அறுக்க இன்றுவரை எந்த மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. பால்வினை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. நாற்பத்தெட்டு நாளில் கொப்புளம் தானாகவே நாலு முறை ஆறியிருக்கும். அறுபடப் போவது முப்பதாயிரம்.

அறந்தாங்கி: அப்படியானால் அசைக்ளோவிர் எதற்கு?

அடக்க. கொப்புளம் கிளம்பும்போது உடனே ஆரம்பித்தால் சீக்கிரம் ஆறும். அடிக்கடி வருகிறவர்களுக்குத் தினம் இரண்டு வேளை என்று நீண்ட நாள் கொடுத்தால் வருவதே குறையும். புதுச்சேரிக்காரருக்குச் சொன்ன வாலாசைக்ளோவிர் கணக்கில் துணைக்குத் தொற்றுவதும் பாதியானது. வைரஸ் புகுந்த செல்லுக்குள் மட்டும் வேலை செய்து, மற்ற செல்களைப் பெரும்பாலும் சும்மா விடும் புத்திசாலி மருந்து அது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய கெர்ட்ரூட் எலியான் பி.எச்டி. முடிக்காதவர். 1988இல் நோபல் பரிசு வாங்கினார். எத்தனை மில்லிகிராம் என்று என்னைக் கேட்காதீர்கள், கிட்னியைப் பார்த்து டாக்டர் எழுத வேண்டியது.

மேலூர்: டெஸ்ட் எடுக்கவே மாட்டேன் என்கிறார் கணவர்.

‘குற்றவாளி யார் என்று பார்ப்போம்’ என்று கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். ‘இனி இரண்டு பேரும் என்ன மருந்து, எப்படி ஜாக்கிரதை என்று கேட்டுவருவோம்’ என்று கூப்பிட்டுப் பாருங்கள்.

பெயரும் ஊரும் இல்லாத ஒரு அஞ்சலட்டை: எந்த டாக்டரிடம் போவது? தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்?

அரசு மருத்துவமனையில் ‘சுகவாழ்வு மையம்’ என்று ஒரு பலகை இருக்கும். பால்வினை நோய்களுக்கானது, இலவசம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த நோய்களுக்கு நிறம் நிறமாக மருந்துப் பொட்டலங்கள் வைத்திருக்கிறார்கள். ஹெர்பிஸுக்குச் சிவப்பு, உள்ளே ஏழு நாளைக்கான அசைக்ளோவிர். போகும் முன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 1097க்கு அடியுங்கள், காசு கிடையாது, பெயர் சொல்ல வேண்டாம். அஞ்சலட்டையில் இதையெல்லாம் எழுதாதீர்கள், தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார்.